வுட்ஸ் விளக்கில் ஒளிரவில்லை, கே.ஓ.எச். நெகட்டிவ்: தலையில் படை (பூஞ்சைத் தொற்று) இல்லை என்று சொல்லலாமா?

ஆரம்ப சுகாதார நிலைய (ஆ.சு.நி.) மருத்துவர்:
ஆறு வயதுப் பையன், எடை 18 கிலோ. உச்சந்தலையில் ஐந்து ரூபாய் நாணய அளவில் இரண்டு இடங்களில் முடி இல்லை. சாம்பல் நிறச் செதில், நடுவே கரும்புள்ளிகள். பிடரியில் நெறி கட்டியிருக்கிறது. வீட்டில் புழுவெட்டு என்று நினைத்துச் சின்ன வெங்காயம் தேய்த்திருக்கிறார்கள், மருந்துக்கடைக் கிரீமும் போட்டிருக்கிறார்கள். வுட்ஸ் விளக்கு (புற ஊதா விளக்கு), கே.ஓ.எச். (முடியையும் செதிலையும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பூஞ்சையைத் தேடுவது) இரண்டிலும் ஒன்றும் இல்லை. படை இல்லை என்று விட்டுவிடலாமா?

தோல் மருத்துவர்:
விட்டுவிடாதீர்கள் டாக்டர். செதில், முறிந்த முடி, பிடரியில் நெறி மூன்றும் ஒரே குழந்தையிடம் இருந்தால் முதலில் படையைத்தான் நினைக்க வேண்டும். புழுவெட்டில் தோல் வழவழவென்று இருக்கும், செதில் இருக்காது.

வுட்ஸ் விளக்கில் பச்சையாக ஒளிர்வது மைக்ரோஸ்போரம் கேனிஸ் போன்ற சில பூஞ்சை இனங்கள்தான். நம் நாட்டில் அதிகம் காணும் டிரைக்கோஃபைட்டான் வயோலேசியமும் டான்சுரன்ஸும் முடித்தண்டுக்குள் வளர்பவை, ஒளிராது. உள்ளிருந்து அரிப்பதால்தான் முடி தோல் மட்டத்திலேயே முறிந்து கரும்புள்ளியாகத் தெரிகிறது. டெர்மோஸ்கோப் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) இருந்தால் வைத்துப் பாருங்கள். கமா போல வளைந்த முடியோ, திருகுச்சுருளான முடியோ தெரிந்தால் பெரும்பாலும் படைதான்.

நுண்ணுயிரியல் ஆய்வகம்:
கே.ஓ.எச். நெகட்டிவ் வருவதற்கு மாதிரி எடுத்த விதம் பல நேரம் காரணம். சுற்றியுள்ள நீள முடியைப் பிடுங்கி அனுப்புகிறார்கள். அது பெரும்பாலும் நல்ல முடி. பூஞ்சை இருப்பது அந்தக் கரும்புள்ளிக்குள்.

எண்ணெய், கிரீம் போக 70% ஆல்கஹாலால் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். 15ஆம் எண் பிளேடின் மழுங்கிய முதுகால் ஓரத்துச் செதிலைச் சுரண்டுங்கள். கரும்புள்ளிகளை நுனியால் நெம்பி எடுங்கள். மடித்த காகிதத்தில் அனுப்புங்கள். இறுக மூடிய டப்பாவில் ஈரம் தேங்கி பாக்டீரியா பெருகிவிடும்.

முடிக்கு 20% கே.ஓ.எச்., 15 முதல் 20 நிமிடம் ஊற வேண்டும். லேசாகச் சூடு காட்டலாம், கொதித்தால் படிகம் விழும். கவர் ஸ்லிப்பை நசுக்கினால் முடி வெடித்து பூஞ்சை வித்துகள் சிதறும். அப்புறம் அவை தண்டுக்கு உள்ளே இருந்தனவா வெளியேயா என்று சொல்ல முடியாது.

கல்ச்சரும் (பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கேளுங்கள். சைக்ளோஹெக்சிமைடு, குளோராம்பெனிகால் சேர்த்த சபுராட் அகர் என்ற வளர்ப்பு ஊடகத்தில் 4 வாரம் வைக்க வேண்டும். வயோலேசியம் மெதுவாகத்தான் வளரும், இரண்டாம் வாரமே நெகட்டிவ் என்று வரும் ரிப்போர்ட்டை நம்ப வேண்டாம்.

ஆ.சு.நி. மருத்துவர்:
அதுவரை களிம்பு மட்டும் போதுமா?

தோல் மருத்துவர்:
போதாது, முடிக்குழிக்குள் களிம்பு இறங்காது. இந்தப் பையனுக்கு மறுபடி மாதிரி எடுத்த அன்றே பூஞ்சைக்கான மாத்திரையைத் தொடங்கலாம். ஈரல் நோய் உண்டா என்று விசாரித்து, இரத்தத்தில் ஈரல் என்சைம்களையும் பார்த்துவிட்டு, டெர்பினாஃபின் தினம் 62.5 மி.கி. (250 மி.கி. மாத்திரையில் கால்), 4 வாரம். கூடவே வாரம் இருமுறை 2% கீட்டோகோனசோல் ஷாம்பு. அது பிறருக்குப் பரவுவதைக் குறைக்கத்தான்.

அந்தக் கிரீம் டியூபை வாங்கிப் பாருங்கள். குளோபெட்டசாலோ பீட்டாமெத்தசோனோ (ஸ்டீராய்டுகள்) இருந்தால் உடனே நிறுத்துங்கள், மேலே சிவப்பு அடங்கி அடியில் பூஞ்சை பரவும். கூடப் பிறந்தவர்கள் தலையையும் பாருங்கள், அறிகுறி இல்லாமலும் பூஞ்சையைச் சுமப்பார்கள்.

இடம் வீங்கி, சொதசொதவென்று சீழ் வடிந்தால் அது கீரியான் (படையால் வரும் கடும் அழற்சி). சீழ்க்கட்டி என்று கிழித்துவிடாதீர்கள். மாத்திரை தொடங்கிய பிறகு காதோரத்திலும் முதுகிலும் அரிக்கும் சிறு பொரிகள் வரலாம். காய்ச்சல், வாய்ப்புண், தோல் உரிதல் இல்லையென்றால் அது பூஞ்சைக்கு உடல் காட்டும் எதிர்வினை, மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை.