ஃபமகுஸ்தா: போய்ப் பார்க்கலாமா, கூடாதா?

நெய்தல்:
சைப்ரஸ் தீவுக்குப் போகிற நம்மவர்களின் பயணத் திட்டங்கள் பெரும்பாலும் லார்னகா, அயியா நாப்பா, பாஃபோஸ் என்று தெற்குக் கடற்கரையோடு முடிந்துவிடுகின்றன. கிழக்குக் கரையில் உள்ள ஃபமகுஸ்தாவை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. 1291இல் சிலுவைப் போர்வீரர்களின் ஆக்கர் கோட்டை வீழ்ந்தபின் சிரியக் கரையிலிருந்து வந்த கிறித்தவ வணிகர்கள் குடியேறிய இந்தத் துறைமுகம், ஓரிரு தலைமுறைக்குள் கிழக்கு மத்தியதரைக் கடலின் மிகச் செழிப்பான சந்தைகளுள் ஒன்றானது. ஒரே ஒரு கடற்பயணத்தில் கிடைத்த லாபத்தைக் கொண்டு ஒரு வணிகர் கட்டினார் என்று ஊரார் சொல்லும் புனித பேதுரு, பவுல் ஆலயம் பின்னாளில் பள்ளிவாசலாகவும் தானியக் கிடங்காகவும் மாறி, ‘கோதுமைப் பள்ளிவாசல்’ என்ற பெயரோடு இன்றும் நிற்கிறது.

1328இல் அர்ப்பணிக்கப்பட்ட புனித நிக்கோலஸ் பேராலயத்தில்தான், அப்போது சைப்ரஸை ஆண்ட பிரெஞ்சு வம்சத்தவரான லூசின்யான் மன்னர்கள் ஜெருசலேமின் அரசர்களாக முடிசூடிக்கொண்டார்கள். ஜெருசலேம் அப்போது அவர்கள் கையில் இல்லை என்பது வேறு கதை. பிரான்சில் இருக்க வேண்டிய கோதிக் முகப்பின் ஓரத்தில் ஒரு மினாரட் எழுந்து நிற்பதையும், உள்ளே வெள்ளையடித்த தூண்களுக்கு இடையே தொழுகைக் கம்பளம் விரிந்து கிடப்பதையும், வாசலில் பல நூற்றாண்டு வயதான அத்தி வகை மரம் ஒன்று நிழல் பரப்புவதையும் ஒரே பார்வையில் காணலாம். 1571இல் ஒட்டோமான் துருக்கியர் நகரைப் பிடித்தபின் பள்ளிவாசலாக மாறிய அது, இப்போது லாலா முஸ்தஃபா பாஷா பள்ளிவாசல். கூட்டம் இல்லாத இந்த ஊரை விட்டுவிட்டு அயியா நாப்பாவில் குடைக்கு வாடகை கொடுத்துப் படுத்திருப்பதில் என்ன பயன் என்பதே என் கேள்வி.

எல்லைக்கல்:
நண்பர் நெய்தல் 1571 வரை விரிவாக எழுதிவிட்டு 1974ஐத் தொடாமல் நிறுத்திக்கொண்டது வசதியான முடிவாக இருக்கிறது. ஃபமகுஸ்தாவில் கூட்டம் இல்லாததற்குக் காரணம் பயணிகளின் அறியாமை அன்று. 1974 ஆகஸ்டில் துருக்கிப் படை முன்னேறியபோது, மதில் நகருக்குத் தெற்கே இருந்த வரோஷா பகுதியின் கிரேக்க சைப்ரஸ் மக்கள் வீடுவாசலை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்கள். அதன்பின் ராணுவம் அந்தப் பகுதியை வேலியிட்டு மூடியது. அங்கே வாழ்ந்தவர்களைத் தவிர வேறு எவரையும் குடியேற்ற முயல்வது ஏற்கத்தக்கதன்று என்று ஐ.நா. பாதுகாப்பு அவை 1984இல் தன் 550ஆம் தீர்மானத்தில் சொன்னது. ஆனால் 2020 அக்டோபரில் வேலியின் ஒரு பகுதி திறக்கப்பட்டு, இடிந்த ஓட்டல்களுக்கு நடுவே பயணிகள் மிதிவண்டியில் உலா வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். சொத்தை இழந்தவர் உயிரோடு இருக்கும்போது அவர் வீட்டு வாசலில் நின்று செல்ஃபி எடுப்பதற்கு வரலாற்று ஆர்வம் என்று பெயர் சூட்டுவதை என்னால் ஏற்க இயலாது.

1974க்குப் பின் தீவு இரண்டாகப் பிரிந்தது. துருக்கிப் படை பிடித்த வட பகுதியில் இருக்கும் அரசைத் துருக்கியைத் தவிர எந்த நாடும் அங்கீகரிக்கவில்லை, இந்தியாவும் அங்கீகரிக்கவில்லை. ஐ.நா. அமைதிப்படைக்குத் தலைமை தாங்கிய நம் தளபதி திம்மையா 1965இல் அந்தத் தீவில்தான் இறந்தார். 1974 போரின்போது அந்தப் பொறுப்பில் இருந்த திவான் பிரேம்சந்தும் இந்தியரே. பிரச்சினை நமக்குச் சம்பந்தமில்லாதது என்று யாரும் தள்ளிவிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஏடகம்:
இருவரும் ஃபமகுஸ்தா என்று ஒரே பெயரில் குறிப்பிடுவது இரண்டு வேறு இடங்களை. ஒட்டோமான்கள் 1571இல் நகரைப் பிடித்தபின் கிறித்தவர்கள் மதிலுக்குள் வசிக்க அனுமதிக்கப்படவில்லை. அவர்கள் வெளியே அமைத்துக்கொண்ட குடியிருப்பே வளர்ந்து வரோஷா ஆனது. மதிலுக்கு உள்ளே நூற்றாண்டுகளாக வாழ்ந்தவர்கள் துருக்கி சைப்ரஸ் மக்கள். 1974 கோடையில் சுற்றுவட்டாரத்திலிருந்து ஓடிவந்த அவர்களுடைய உறவினர்களும் சேர, அந்தப் பழைய வெனிஸ் மதிலுக்குள்தான் வாரக்கணக்கில் முற்றுகையில் அடைபட்டுக் கிடந்தார்கள். ஆகவே மதில் நகரில் தேநீர்க் கடை வைத்திருப்பவரைப் பிறர் வீட்டில் குடியேறியவர் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது. வரோஷா குறித்து எல்லைக்கல் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கவில்லை. அதை மதிலுக்கு உள்ளேயும் நீட்டுவதைத்தான் மறுக்கிறேன்.

இன்னொன்று. உலக நினைவுச்சின்ன நிதியம் ஆபத்தில் உள்ள இடங்களின் பட்டியலில் இந்த மதில் நகரை 2008இலும் 2010இலும் சேர்த்தது. துறைமுகத்தைக் காத்து நின்ற ஒதெல்லோ கோட்டை, சுவர்களில் விரிசல் விழுந்து மூடிக்கிடந்தது. தீவின் இரு சமூகத்து வல்லுநர்களும் சேர்ந்து 2008இல் அமைத்த பண்பாட்டு மரபுக் குழுதான், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு, அதைச் சீரமைத்து 2015இல் திறந்தது. கிரேக்கரும் துருக்கியரும் கூடிச் செப்பனிட்ட கட்டடத்தை நாம் பார்ப்பது யாருக்குச் செய்யும் துரோகம்?

எல்லைக்கல்:
ஒதெல்லோ கோட்டையைப் பற்றி ஏடகம் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். அது நல்ல முன்மாதிரி. ஆனால் ஃபமகுஸ்தாவுக்குப் போகிறவர் எவரும் அங்கிருந்து சில கிலோமீட்டர் வடக்கே இருக்கும் சலாமிஸைப் பார்க்காமல் திரும்புவதில்லை. ரோமானிய உடற்பயிற்சிக் கூடத்தின் பளிங்குத் தூண்களும் அரங்கமும் உள்ள அந்தப் பழம்பதியில் சைப்ரஸ் தொல்லியலாளர் வாசோஸ் கராயோர்கிஸ் 1952இல் தொடங்கிய அகழாய்வு 1974இல் நின்றுபோனது. தான் தோண்டிய இடத்துக்கு ஆய்வாளராகத் திரும்ப அவரால் முடியவில்லை. ஆக்கிரமிக்கப்பட்ட நிலத்தில் அகழாய்வு செய்வதை, போர்க்காலத்தில் பண்பாட்டுச் சொத்துகளைக் காப்பதற்கான ஹேக் உடன்படிக்கையின் 1999ஆம் ஆண்டு நெறிமுறை தடுக்கிறது. அப்படியிருந்தும் அங்கே பிற்பாடு அகழாய்வுகள் நடந்தன. நுழைவுச்சீட்டுப் பணம் யார் கைக்குப் போகிறது என்று கேட்பது குதர்க்கம் அன்று.

நெய்தல்:
1974ஐ நான் மறைக்கவில்லை. ஓர் ஊருக்கு எட்டு நூற்றாண்டு வரலாறு இருக்கையில் அதில் ஒன்றை மட்டும் அனுமதிச் சீட்டாக்குவதைத்தான் ஏற்கவில்லை. அந்த ஊரில் கைமாறாத கல்லே கிடையாது. 1373இல் ஜெனோவா பிடித்தது, 1464இல் லூசின்யான் மீட்டது, 1489இல் வெனிஸ் எடுத்துக்கொண்டது. ஒதெல்லோ கோட்டை வாயிலின் மேலே வெனிஸின் சின்னமான புனித மாற்குவின் சிறகுள்ள சிங்கமும், அதனுடன் 1492ஐக் குறிக்கும் கல்வெட்டும் இருக்கின்றன. சிறிது தூரத்தில் கிரேக்கர்களின் புனித ஜார்ஜ் ஆலயம் கூரையிழந்து நிற்கிறது. 1571 முற்றுகையின் பீரங்கிக் குண்டுகள் கொத்திய குழிகள் அதன் சுவரில் அம்மைத் தழும்புகளாக இன்னும் தெரிகின்றன. சரணடைந்த வெனிஸ் தளபதி பிரகாதினின் தோலை உயிரோடு உரித்தார்கள் என்பதைப் பாடநூலில் படிப்பது வேறு, அந்தச் சுவரின் முன்னால் நின்று நினைப்பது வேறு. வரோஷாவுக்குள் போக வேண்டாம் என்றால், போகாமல் இருக்கலாம். அதற்காக மதிலுக்குள் கால் வைப்பதையே குற்றமாக்க வேண்டியதில்லை.

கலங்கரை:
கொள்கை பேசுகிறவர்கள் வழியையும் பேச வேண்டும். வடக்கில் உள்ள எர்ஜான் விமான நிலையம் வழியாக இறங்குவதை, தெற்கை ஆளும் சைப்ரஸ் குடியரசு சட்டவிரோத நுழைவாகவே கருதுகிறது. ஃபமகுஸ்தா துறைமுகத்தையும் அது 1974 அக்டோபரிலேயே மூடப்பட்டதாக அறிவித்துவிட்டது. ஆகவே இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் சைப்ரஸ் விசாவோடு லார்னகாவில் இறங்கி, தெற்குக்கும் வடக்குக்கும் இடையே 2018இல் திறக்கப்பட்ட டெரினியா கடவை வழியாகப் போய், மாலையில் திரும்பிவிடுவதே முறை. தெற்கில் வாடகைக்கு எடுத்த காரின் காப்பீடு வடக்கில் செல்லாது. கடவையிலேயே தனியாக ஒன்று வாங்க வேண்டும், வாடகை நிறுவனம் அனுமதிக்கிறதா என்றும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். இரவு தங்காவிட்டால், கிரேக்கர் நிலத்தில் எழுந்த ஓட்டலா என்ற சங்கடமும் எழாது.

எல்லைக்கல்:
தெற்கு வழியாகப் போய், மதிலுக்குள் மட்டும் நடந்து, அன்றே திரும்புவதென்றால் என் மறுப்பின் பெரும்பகுதி விழுந்துவிடுகிறது. முதல் பதிவில் இந்த வரையறை எதுவும் இல்லை; அயியா நாப்பாவுக்கு மாற்றாக, விடுமுறைக்கு ஓர் ஊர் என்ற தொனியே இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பதை ஒரு வரியில்கூடச் சொல்லாத பயணக் குறிப்பை இப்போதும் நான் ஏற்கவில்லை. சலாமிஸ் நுழைவுச்சீட்டு பற்றிய கேள்விக்கும் யாரும் விடை தரவில்லை.

ஏடகம்:
சீட்டுப் பணம் வடக்கு நிர்வாகத்துக்குத்தான் போகிறது. அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதில்லை. அது உறுத்துகிறவர்கள் நிக்கோசியாவில், தெற்குப் பகுதியில் உள்ள சைப்ரஸ் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். சலாமிஸின் 79ஆம் எண் அரச கல்லறையில் கராயோர்கிஸ் எடுத்த தந்தச் சிம்மாசனமும், கட்டிலும், விளிம்பைச் சுற்றிக் கிரிஃபின் எனும் கழுகுமுகப் புராண விலங்கின் தலைகள் நீட்டியிருக்கும் பெரிய வெண்கலக் கொப்பரையும் அங்கேதான் இருக்கின்றன. நான் இரண்டையும் பார்க்கச் சொல்வேன், எல்லைக்கல் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.