மழையில் மட்டும் மிஸ்ஃபயர் ஆகும் ஜிப்சி: உதவி தேவை

1998 மாடல் மாருதி ஜிப்சி கிங், 1298 சிசி, கார்புரேட்டர் எஞ்சின். கோவைக்கு வெளியே மண் டிராக்கில் ஆட்டோகிராஸ் (குறைந்த நேரத்தில் சுற்றை முடிக்கும் கார் பந்தயம்) ஓட்டுகிறேன். மழை பெய்தால் மட்டும்தான் மிஸ்ஃபயர் பிரச்சினை, அதாவது பெட்ரோல் சரியாக எரியாமல் எஞ்சின் திக்குகிறது.

போன சனிக்கிழமை இரவு நல்ல மழை. முதல் சுற்று சரியாகப் போனது. அப்புறம் சேற்றுத் தண்ணீர் தேங்கிய வளைவைத் தாண்டியதும் 3000 ஆர்பிஎம்முக்கு மேல் வண்டி இழுக்கவே இல்லை. சைலன்சரில் வெடிச்சத்தம், எரியாத பெட்ரோல் வாடை. ஐடிலிங் மட்டும் சீராக இருந்தது. ஓரங்கட்டி பானெட்டைத் திறந்து வைத்தேன். எஞ்சின் சூட்டில் ஈரம் காய்ந்ததும் பழையபடி ஓடியது.

பிளக், பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பாகம்) மூடி, அதற்குள் சுழலும் ரோட்டார் எல்லாம் புதுசு. மூடிக்குள் துளி ஈரம் இல்லை, மின்சாரம் கசிந்தால் விழும் கார்பன் கோடும் இல்லை. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. ஏர் ஃபில்டர் காய்ந்தே இருக்கிறது. இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு வயர்கள் மேல் தண்ணீர் தெளித்தும் பார்த்தேன், எங்கும் பொறி கசியவில்லை. ஆனால் நிற்கும் வண்டியில் லோடு கிடையாதே, அதை வைத்து முடிவு சொல்ல முடியாது. மெக்கானிக் வயரிங் முழுவதையும் மாற்றச் சொல்கிறார், எனக்கு மனம் ஒப்பவில்லை.

இக்னிஷன் காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது), இக்னைட்டர் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் மின்னணுப் பாகம்), எர்த் வயர், இந்த மூன்றில் எதை முதலில் சோதிப்பது?