புழு ஷெட்டின் மதிய வெப்பம் கம்ப்யூட்டரில் கோடாகத் தெரிந்தபோது

பாலக்கோடு பக்கத்திலிருந்து:

எங்கள் வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறோம். இரண்டு ஏக்கர் மல்பெரி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட். கூடு தர்மபுரி ஏல அங்காடிக்குப் போகும். போன கோடையில் அடுத்தடுத்து இரண்டு பேட்ச், கூடு கட்டுவதற்கு முந்தைய கடைசிக் கட்டமான ஐந்தாம் பருவத்தில் நோய் விழுந்து பாதிக்கு மேல் போய்விட்டது.

ஷெட்டின் கதவோரம் ஒரு தெர்மாமீட்டர் தொங்குகிறது. காலை ஏழு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் தழை போடப் போகும்போது அப்பா அதைப் பார்த்து நோட்டில் எழுதுவார். நோட்டு முழுக்க காலையில் 25, சாயங்காலம் 28 என்றுதான் இருந்தது. ஐந்தாம் பருவப் புழுவுக்கு 24 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும், ஈரப்பதம் 70 சதவீதம் போதும் என்பார்கள். கொஞ்சம் சூடுதான், ஆனால் இவ்வளவு சேதம் ஆகும் அளவுக்கு இல்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த பேட்சுக்கு முன்னால் வீட்டில் சும்மா கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் தழை அறையில் வைத்தேன். சென்சார்களைப் படித்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் ஆர்டுயினோ என்ற சின்ன சர்க்யூட் போர்டு ஒன்று, அதில் டி.எஸ். 18பி20 வெப்பநிலை சென்சார் நான்கு, ஈரப்பதத்துக்கு ஒரு டி.எச்.டி. 22. நான்கில் ஒன்று கதவோரம், ஒன்று பின் மூலை, மற்ற இரண்டும் ரேக்கின் கீழடுக்கிலும் மேலடுக்கிலும். நிமிடத்துக்கு ஒரு அளவு யுஎஸ்பி வழியாக வரும். பைத்தான் மொழியில் எழுதிய சின்ன நிரல் அதை நேரத்தோடு சேர்த்து ஒரு ஃபைலில் ஒரு வரியாக எழுதும், கிராஃபாகவும் வரையும். ஒரு நாளைக்கு 1,440 வரி.

முதல் வாரம் முழுக்கத் தொல்லைதான். பின் மூலைக்குப் போகும் வயர் நீளம், அங்கிருந்து அடிக்கடி மைனஸ் 127 என்று வந்தது. சென்சார் பதில் சொல்லவில்லை என்பதற்கான குறி அது. சென்சார் வயரில் வழக்கமாகப் போடும் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 2.2 கிலோ ஓம் போட்டேன், நின்றது. ஒருநாள் கிராஃப் திடீரென்று 85 டிகிரிக்கு எகிறியது. அம்மா பார்த்துவிட்டு, "டேய், ஷெட்டுல நெருப்பு கிருப்பு புடிச்சிருக்கா பாருடா" என்று பதறினார். கரண்ட் வந்த உடனே, சென்சார் அளந்து முடிப்பதற்குள் கேட்டால் அது 85 என்றுதான் சொல்லும். முழுத் துல்லியத்தில் ஒரு முறை அளக்க அதற்கு முக்கால் விநாடி வேண்டும். அதுவரை காத்திருக்கும்படி நிரலை மாற்றினேன்.

கரண்ட் போவதுதான் பெரிய பிரச்சனை. நிரல் ஃபைலைத் திறந்தே வைத்திருந்ததால், கடைசியாக வந்த வரிகள் டிஸ்க்குக்குப் போகாமலே அழிந்தன. இப்போது ஒவ்வொரு வரிக்கும் ஃபைலைத் திறந்து, எழுதி, மூடிவிடுகிறது. கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புப் பக்கமான பயாஸில், கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆகும்படி வைத்தேன். அப்படியும் ஒருநாள் கிராஃபில் கோடு ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நீளமாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. கரண்ட் இல்லாதபோதும் தேதி, நேரத்தைக் காக்க மதர்போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 பேட்டரி தீர்ந்துபோய், கம்ப்யூட்டர் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கிறது. நாணயம் அளவு பேட்டரி ஒன்றை மாற்றியதும் சரியாயிற்று. பழைய கம்ப்யூட்டரில் இந்த வேலையைச் செய்கிறவர்கள் முதலில் அதை மாற்றிவிடுங்கள்.

இதெல்லாம் தீர்ந்த பிறகு முதல் முழு நாளின் கிராஃபை அப்பாவுக்குக் காட்டினேன். கதவோரக் கோடு மதியம் மூன்று மணிக்கு 31. மேலடுக்குக் கோடு அதே நேரத்தில் 36.5. கீழடுக்கு 32. அப்பா தெர்மாமீட்டர் பார்க்கும் இரண்டு வேளையிலும் நான்கு கோடும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கின்றன. நடுவில் மேலடுக்குப் புழு மட்டும் தினமும் நான்கு மணி நேரம் வெந்துகொண்டிருந்திருக்கிறது. அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. "மேல் தட்டுலதான்டா முதல்ல விழுந்துச்சு" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அடுத்த நாளே கூரைமேல் தென்னங்கீற்று பரப்பினோம். மேலடுக்கின் மதிய உச்சம் மூன்று டிகிரி இறங்கியது. அப்புறம் ஷெட்டைக் குளிர வைக்கும் ஈரச் சாக்கு. சாயங்காலமும் நனைத்துத் தொங்கவிடுவது எங்கள் வழக்கம். ஈரப்பதக் கோடு ராத்திரி முழுக்க 90-க்கு மேல் நின்றதைப் பார்த்ததும், ஐந்தாம் பருவத்தில் மதியம் இரண்டு மணிக்குப் பிறகு சாக்கை நனைப்பதை நிறுத்திவிட்டோம். இந்த பேட்ச் நன்றாக வந்தது. கிருமிநாசினியும் இந்த முறை ஒழுங்காக அடித்தோம், எல்லாப் பெயரையும் கிராஃபுக்கே தர மாட்டேன்.

ஓசூரிலிருந்து:

நான் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். உங்கள் நான்கு சென்சாரையும் ஒன்றாகக் கட்டி ஒரே தண்ணீரில் வைத்துப் பார்த்தீர்களா? இந்த வகை சென்சாருக்கு அரை டிகிரி முன்பின் அனுமதி உண்டு. ஒன்று அரை கூடவும் இன்னொன்று அரை குறையவும் காட்டினால், இல்லாத ஒரு டிகிரி வித்தியாசம் கிராஃபில் வந்துவிடும்.

எங்கள் பிள்ளைகளோடு இதைச் செய்தபோது, நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி சென்சாரை வைத்தோம். ஒன்று 0.4 காட்டியது. அது கழித்துக்கொள்ள வேண்டிய பிழை. அடுத்து கொதிக்கும் தண்ணீரில் வைத்தால் எல்லாமே 97 பக்கத்தில் நின்றன. பிள்ளைகள் மூன்று டிகிரியைக் கூட்டி 100 ஆக்கிவிடலாம் என்றார்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு, இங்கே தண்ணீர் 97-லேயே கொதித்துவிடும். சென்சார் சொன்னதுதான் சரி. பாடப்புத்தகத்து 100 கடல் மட்டத்துக்கானது என்று அன்றைக்கு அவர்களாகவே கண்டுபிடித்ததைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பிறகு மண்பானையிலும் எவர்சில்வர் குடத்திலும் ஒவ்வொரு சென்சார் போட்டு மூன்று நாள் ஓடவிட்டோம். வெயில் காய்ந்தபோது பானைக் கோடு நன்றாகக் கீழே இருந்தது. மூன்றாம் நாள் மழை பிடித்ததும் அது மெல்ல ஏறி, குடத்தின் கோட்டுக்குக் கிட்டே வந்துவிட்டது. காற்றில் ஈரம் நிறைந்தால் பானையில் கசியும் நீர் ஆவியாவதில்லை, குளிர்ச்சியும் இல்லை. உங்கள் ஈரச் சாக்கும் இதே கணக்கில்தான் வேலை செய்கிறது.

காவேரிப்பட்டணத்திலிருந்து:

மாந்தோப்பில் மண் ஈரம் பார்க்க இரண்டு முள் உள்ள மலிவான சென்சாரை நட்டேன். மூன்றே வாரத்தில் ஒரு முள் அரித்துப்போய், நீர் பாய்ச்சிய நாளிலும் காய்ந்த மண் என்று கோடு காட்டியது. எப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால் அப்படித்தான் ஆகும். அளக்கும் நொடிக்கு மட்டும் கரண்ட் கொடுங்கள், இல்லையென்றால் உலோகம் மண்ணில் படாத கெப்பாசிட்டிவ் வகை வாங்குங்கள். இன்னொன்று, நான் விநாடிக்கு ஒரு அளவு எடுத்தேன், நாளைக்கு 86,400 வரி. என்னிடம் இருக்கும் பழைய எக்செல் 65,536 வரியோடு நின்றுவிடும். மண் ஈரத்துக்குக் கால் மணிக்கு ஒரு அளவே தாராளம்.

பாலக்கோடு பக்கத்திலிருந்து, மறுபடி:

ஐயா, நீங்கள் சொன்னபடி நான்கையும் ரப்பர் பேண்டில் கட்டி ஐஸில் வைத்துப் பார்த்தேன். மூன்று சென்சார் பூஜ்யத்தை ஒட்டி நின்றன. மேலடுக்கில் இருந்தது மட்டும் 0.5 கூடுதல். ஆக அன்றைக்கு மேலடுக்கு 36.5 இல்லை, 36. நிரலில் கழித்துவிட்டேன், பழைய கிராஃபையும் திருத்திப் போட்டேன். அந்த நாள் கிராஃபில் கதவோரத்துக்கும் மேலடுக்குக்கும் இடையே இன்னும் ஐந்து டிகிரி இருக்கத்தான் செய்கிறது. கீற்றுக்கு மேல் இன்னொரு அடுக்கு போடப்போகிறோம். அப்பாவின் நோட்டில் இப்போது மதியம் மூன்று மணிக்கும் ஒரு பத்தி இருக்கிறது; கம்ப்யூட்டர் ஓடினாலும் அவரே போய் மேலடுக்கில் தெர்மாமீட்டரைப் பிடித்துப் பார்த்து எழுதுகிறார்.