இல்லஸ்ட்ரேட்டர்ல போட்ட லேபிள் இங்க்ஸ்கேப்ல சுருங்குது, தமிழும் போச்சு

கிருஷ்ணகிரி லேபிள்: அண்ணா, மாம்பழக்கூழ் டின்னுக்கு லேபிள் ஒண்ணு இல்லஸ்ட்ரேட்டர் டிசைன் சாஃப்ட்வேர்ல போட்டேன், அகலம் 10 இன்ச். எஸ்விஜி ஃபைலா எடுத்துட்டு வீட்டு சிஸ்டத்துல இங்க்ஸ்கேப்னு இன்னொரு டிசைன் சாஃப்ட்வேர்ல திறந்தா 7.5 இன்ச்னு காட்டுது, அதுவும் போகட்டும், பாமினி ஃபான்ட்ல தமிழ்ல அடிச்சதெல்லாம் இங்கிலீஷ் கிறுக்கலா வந்து நிக்குது, புள்ளி வெச்ச இடம் பூரா அரைப்புள்ளி. நாளைக்கு பிரஸ்ஸுக்கு போகணும்.

தர்மபுரி பிளெக்ஸ்: சைஸ் கணக்கு இதான் தம்பி, இல்லஸ்ட்ரேட்டர் 1 இன்ச்சுக்கு 72 பிக்சல்னு எழுதும், இங்க்ஸ்கேப் 0.92 வெர்ஷன்ல இருந்து 96னு படிக்கும். உன் 720ஐ 96ஆல வகுத்துப் பாரு, 7.5 வரும். எஸ்விஜிய விட்டுட்டு பிடிஎஃப்பா எடு, அளவு மாறாது.

பாலக்கோட்டான்: பாமினி, எல்லா சிஸ்டத்துக்கும் பொதுவான யூனிகோட் முறை இல்ல, அந்த ஃபான்ட் இல்லாத சிஸ்டத்துல அடிச்ச கீ அப்படியே தெரியும். எல்லாத்தையும் செலக்ட் பண்ணி இல்லஸ்ட்ரேட்டர்லயே கன்ட்ரோல் ஷிப்ட் ஓ அமுக்கு, எழுத்தெல்லாம் அவுட்லைன், அதாவது வெறும் கோட்டு வடிவம் ஆயிடும், ஃபான்ட் தேவையில்ல, அப்புறம் எழுத்தா திருத்த முடியாது. ஆனா ஒரிஜினல் ஒரு காப்பி வெச்சுக்க!! நான் வெக்காம ஒரு கல்யாண பேனர்ல மாப்பிள்ளை பேர்ல கால் விட்டுப்போச்சு, ராத்திரி 1 மணிக்கு மொத்தமும் திரும்ப அடிச்சேன்.

கிருஷ்ணகிரி லேபிள்: பிடிஎஃப்ல சரியா 10 வந்துடுச்சு, எழுத்தும் ஓகே. மாம்பழத்துக்கு அடியில போட்ட நிழல் மட்டும் கோட்டு வடிவமா இல்லாம பிக்சல் படமா மாறிடுச்சு...

தர்மபுரி பிளெக்ஸ்: நிழல், மங்கலெல்லாம் அப்படித்தான் ஆகும். 300 டிபிஐ (இன்ச்சுக்கு 300 புள்ளி) இருந்தா விடு, பிரிண்ட்ல தெரியாது.