உதவிக்கு வரும் 11–13 வயதுப் பிள்ளைகளிடம் எதை ஒப்படைக்கலாம்?

கேட்பவர்: கூடல்வாசல்
வாரம் ஒருநாள், இரண்டு மணி நேரம் நடக்கும் விளையாட்டுக் கூடம். 2 முதல் 5 வயதுவரை 14 குழந்தைகள், பெரியவர்கள் மூன்று பேர். 11 முதல் 13 வயதுக்குள் ஆறு பிள்ளைகள், தாங்களாகவே வந்து உதவுகிறோம் என்கிறார்கள். அந்த ஆர்வத்தைக் கெடுக்க மனமில்லை. எந்த வேலை தரலாம், எதைத் தரவே கூடாது? குழந்தைகளைத் தூக்க விடலாமா?

நிழல்மரம்
முதலில் ஆள்கணக்கு. ஆறு பேர் வந்தாலும் உங்களிடம் பொறுப்பாளர்கள் மூன்று பேர்தான். பிள்ளைகளைக் கணக்கில் சேர்த்த அன்றே, "அவள்தான் பக்கத்தில் இருக்கிறாளே" என்று ஒரு பெரியவர் நகர்ந்துபோவார். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

"பாப்பாவைப் பார்த்துக்கோ" என்றால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எதைப் பார்ப்பதென்று புரியாது. இடம், ஆட்கள், வேலை, எப்போது கூப்பிட வேண்டும் என்ற நான்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "இந்த மேசை, இந்த மூன்று பேர், களிமண் உருட்ட வை. யாராவது வாயில் வைத்தாலோ, அடித்தாலோ, எழுந்து ஓடினாலோ என்னைக் கூப்பிடு." அரைமணிக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். அதற்கு மேல் கவனம் நிற்காது. ஆறு பேரையும் ஒரே நேரத்தில் இறக்கினால் அவர்களுக்குள்ளேயே அரட்டை தொடங்கிவிடும். மூன்று மூன்று பேராக வரவழையுங்கள்.

கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, டயப்பர் மாற்றுவது, மருந்து, வாசல் கதவு, தண்ணீர் உள்ள எந்த இடமும் பெரியவர் பொறுப்பு. கண்டிப்பதும் அப்படித்தான். மூடிய அறையில் ஒரு பிள்ளையும் ஒரு குழந்தையும் தனியாக இருக்கவே கூடாது. இது இருவருக்குமான பாதுகாப்பு.

மூன்றாம்படி
தூக்குவது வேண்டாம். மூன்று வயதுக் குழந்தை ஏறக்குறைய 14 கிலோ. இடுப்பில் வைத்துத் திரும்பும்போது கால் தடுக்கினால் இருவரும் விழுவார்கள், குழந்தையின் தலையில் அடிபடலாம். "உட்கார்ந்துகொள், அது உன் மடிக்கு வரட்டும்" என்று பழக்குங்கள்.

பிள்ளைகள் அறியாமல் செய்யும் இரண்டு தவறுகள் உண்டு. ஒன்று, கையைப் பிடித்து விசுக்கென்று இழுப்பது, கைகளைப் பிடித்துச் சுற்றுவது. ஐந்து வயதுக்குள் முழங்கை மூட்டில் எலும்பைப் பிடித்திருக்கும் நார் இறுகியிருக்காது, எலும்பு நழுவிவிடும். வீக்கம் பெரும்பாலும் தெரியாது. குழந்தை அந்தக் கையை அசைக்காமல் தொங்கவிட்டிருக்கும். நீங்களே இழுத்துப் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள். மற்றது, குழந்தையை மடியில் வைத்துச் சறுக்குமரத்தில் இறங்குவது. பாசத்தில் செய்வதுதான். ஆனால் குழந்தையின் காலணி ஓரத்தில் சிக்கினால் இரண்டு பேர் எடையும் சேர்ந்து அந்தக் காலை முறுக்கும், கணுக்காலுக்கு மேல் எலும்பு முறியும். குழந்தை தனியாகச் சறுக்கட்டும், பிள்ளை கீழே நிற்கட்டும்.

கூடல்வாசல்
மிக்க நன்றி, சறுக்குமர விஷயம் தெரியாது. இன்னொன்று: எல்லாவற்றையும் தானே செய்துகொடுக்கும் பிள்ளையை எப்படித் திருத்துவது?

நிழல்மரம்
திட்டாதீர்கள், கைக்கு வேறு இடம் கொடுங்கள். குழந்தை காலணி மாட்டும்போது, "உன் கை இரண்டும் உன் முழங்காலில் இருக்கட்டும், மனதுக்குள் இருபது எண்ணு" என்று சொல்லுங்கள். குழந்தை நாக்கைத் துருத்திக்கொண்டு, குதிகாலை நுழைக்கத் தெரியாமல் திணறும். அந்தத் திணறல்தான் கற்றல். இருபதுக்குப் பிறகும் முடியாவிட்டால் காலணியின் பின்பக்கத்தை மட்டும் பிடித்துக்கொடுக்கலாம், காலை அழுத்துவது குழந்தையின் வேலை.

மூன்றாம்படி
தின்பண்டத்தைப் பெரியவர் தட்டில் வைத்த பிறகே பிள்ளைகள் பரிமாறட்டும். திராட்சை என்றால் நீளவாக்கில் நான்காக நறுக்கியிருக்க வேண்டும், வேர்க்கடலை, முந்திரி போன்றவற்றை முழுதாகக் கொடுக்கக் கூடாது. பிள்ளைகள் உள்ளே வரும்போதே சட்டைப்பையைக் காலிசெய்யச் சொல்லுங்கள். நாணயம், காந்தம், பட்டன் பேட்டரி எல்லாம் அங்கிருந்துதான் தரையில் விழும். பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.