பூவைப் பறிக்காம செடியிலயே விட்டுட்டா சாமிக்குக் குறையா? அம்மா வச்ச தோட்டம் பத்தி ஒரு கேள்வி

தன்லின்_மல்லி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் ரங்கூன்லேர்ந்து பெகு ஆத்துக்கு அந்தப் பக்கம் தன்லின்ல இருக்கேன். போன மழைக்காலத்துல எங்க அம்மா தவறிட்டாங்க. வீட்டுக்குப் பின்னால அவங்க வச்ச தோட்டம் இருக்கு, பெரிய தோட்டம்னு சொல்ல முடியாது, குண்டுமல்லி, நந்தியாவட்டை, செவ்வரளி, செம்பருத்தி, வேலி மேல ஒரு சங்குப்பூக் கொடி, நடுவுல துளசி மாடம், அவ்வளவுதான். அம்மா இருந்தப்ப தினம் விடிய முன்னாடி குளிச்சிட்டு போய் பறிப்பாங்க, சாமி படத்துக்கு ஒரு பங்கு, பக்கத்து வீட்டு பர்மாக்கார அம்மா அவங்க புத்தர் மேடைல வைக்க ஒரு பங்கு, மிச்சம் எனக்கும் தங்கச்சிக்கும் தலைக்கு.

இப்ப என் பிரச்சனை என்னன்னா என்னால பறிக்க முடியல. கூடையை எடுத்துட்டுப் போறேன், செடிகிட்ட நிக்கறேன், கை போக மாட்டேங்குது, அம்மா தொட்டு வளர்த்த செடியில இருந்து எதையும் எடுக்கவே மனசு வரல. தண்ணி மட்டும் ஊத்திட்டு அங்கயே ஒரு பலகை போட்டு உக்காந்துடறேன். ராத்திரி கரண்ட் போனதும் (எங்க பக்கம் எப்ப வரும் எப்ப போகும்னே தெரியாது) வீட்டுக்குள்ள புழுக்கம் தாங்காம பின்னால வந்து உக்காந்தா இருட்டுல ஒண்ணும் தெரியாது, மல்லி விரியற வாசனை மட்டும் வரும், அந்த நேரத்துல மனசு அடங்கற மாதிரி எனக்கு விளக்கு முன்னாடி உக்காந்தா கூட அடங்கறதில்ல. விளக்கு முன்னாடி உக்காந்தா ஆஸ்பத்திரி நெனப்புதான் வருது.

அத்தை சொல்றாங்க பூ செடியிலயே வாடி உதிர்ந்தா வீட்டுக்கு ஆகாது, சாமிக்குப் போக வேண்டியதை நீ வீணாக்கறன்னு. அவங்க பாசத்துலதான் சொல்றாங்க, எனக்குத் தெரியும். ஆனா அன்னிலேர்ந்து தோட்டத்துல உக்காந்தாலும் ஒரு உறுத்தல். தெரிஞ்சவங்க சொல்லுங்க, பறிக்காம விட்டா தப்பா? பூவைப் பாத்துட்டு சும்மா உக்காந்திருக்கறது பக்தியில சேருமா சேராதா?

பெகு_பூக்கட்டி எழுதியது:

அம்மாடி, முதல்ல உன் அம்மாவுக்கு என் கும்பிடு. நான் கோயிலுக்குப் பூ கட்டிக் குடுக்கற ஆள், அதனால எனக்குத் தெரிஞ்சதை சொல்றேன், சாஸ்திரம் முழுக்கப் படிச்சவன்னு நினைச்சுக்காத.

அறுபத்துமூணு நாயன்மார்ல முருக நாயனார்னு ஒருத்தர், திருப்புகலூர்க்காரர். அவர் யுத்தம் பண்ணல, பாட்டு பாடல, அவர் பண்ணினதெல்லாம் பூ வேலைதான். விடியறதுக்கு முன்ன எழுந்து குளிச்சிட்டு நந்தவனத்துக்குப் போவார், மரத்துல பூக்கற கோட்டுப்பூ, கொடிப்பூ, தண்ணியில பூக்கற நீர்ப்பூ, தரையில பூக்கற நிலப்பூ, நாலையும் வேற வேற கூடையில எடுத்து, ஒரு தனி இடத்துல உக்காந்து பொழுதுக்குத் தகுந்த மாலையா கட்டி சாத்துவார். சம்பந்தரும் அப்பரும் அவர் மடத்துல தங்கியிருக்காங்க. அந்தப் பெரியவர் தோட்டத்துல இருந்த நேரத்தை யாராவது கோயிலுக்கு வெளிய இருந்த நேரம்னு சொல்வாங்களா? நீ ஊத்தற தண்ணியும் அந்தக் கணக்குதான்னு நான் நினைக்கறேன்.

இன்னொண்ணு. சைவத்துல அட்டபுஷ்பம்னு சொல்லுவாங்க, புன்னை, வெள்ளெருக்கு, சண்பகம், நந்தியாவட்டை, நீலோற்பலம், பாதிரி, அலரி, செந்தாமரைன்னு எட்டு. அதுல ரெண்டு உன் வீட்டுலயே நிக்குது பாரு. ஆனா அது வெளிப்பூ. அகப்பூன்னு இன்னொரு எட்டு உண்டு, கொல்லாமை, ஐம்பொறி அடக்கல், பொறுமை, அருள், அறிவு, வாய்மை, தவம், அன்பு. முதல்ல வைக்கறது கொல்லாமை. உன் கை செடிகிட்ட போய்த் தயங்குதே, அது எந்தப் பூன்னு நீயே யோசிச்சுப் பாரு. வாசனைல மனசு அடங்குதுன்னு சொல்றியே, அதுவும் இந்த எட்டுக்கு உள்ளதான் வருது.

அத்தையை எதிர்த்துப் பேசாத. அவங்க சொல்றது அவங்க வளர்ந்த வழக்கம், அதுவும் பெரிய வழக்கம்தான். அவங்களுக்கும் மனசு ஆற ஒரு வழி இருக்கு, பவழமல்லி வை. கீழ விழுந்த பூவை சாமிக்கு எடுக்கக்கூடாதுங்கறது பொதுவா உள்ள முறை, பவழமல்லிக்கு மட்டும் விலக்கு. அது ராத்திரி மலர்ந்து விடியக்காலைல தானே உதிரும். மரத்தடியில சுத்தமான துணியை விரிச்சு வச்சா போதும், காம்பைக் கிள்ளவே வேணாம்.

மோல்மேன்_பையன் எழுதியது:

அக்கா, ஐயா சொன்னதுக்கு மேல கோயில் விஷயத்துல எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல. நான் பாத்ததை சொல்றேன்.

நம்ம சித்திரை பொறக்கற நேரத்துலதானே இங்க திஞ்சான் தண்ணித் திருவிழா, அப்ப பூக்கற படௌக் பூவை நீங்க கவனிச்சிருப்பீங்க, நம்ம வேங்கையோட இனம்தான் அது. மொத மழை விழுந்ததும் தெரு முழுக்க ஒரே ராத்திரியில மஞ்சளாயிடும், பொண்ணுங்க கொண்டையில சொருகிப்பாங்க, கார் முன்னாடி கொத்து கட்டுவாங்க, புத்தர் மேடைல வைப்பாங்க, மறுநாள் பாத்தா எல்லாம் தரையில கிடக்கும். ஒரு நாள்தான் அதுக்கு. யாரும் அய்யோ போச்சேன்னு சொல்லி நான் கேட்டதில்ல. மரத்துலயே இருந்து உதிர்ந்தது எவ்வளவோ, அதை வீணாப் போச்சுன்னும் யாரும் சொல்றதில்ல.

என் கூட்டாளி ஒருத்தன் புத்த மதம், கொஞ்ச நாள் மடத்துல சாமியாரா இருந்துட்டு வந்தவன். அவன் சொன்னான், தேரவாதத்துல பூ வைக்கும்போது சொல்ற பாலி வரி ஒண்ணு இருக்காம், அதோட கருத்து இந்தப் பூ வாடற மாதிரி என் உடம்பும் ஒரு நாள் அழியும்ங்கறது. அழகா இருக்கறப்பவே வாடப்போறதையும் சேத்துப் பாக்கணும்ங்கறான். எங்க அப்பா போனப்ப எனக்கு இது ரொம்ப உதவிச்சு. சமாதானம்னு சொல்ல மாட்டேன், ஆனா எனக்கு மட்டும் ஏன் இப்படின்னு உள்ள ஒரு கோவம் இருந்துச்சு பாருங்க, அது குறைஞ்சுது. நீங்க செம்பருத்தியைப் பாருங்க, காலைல விரிஞ்சது சாயங்காலம் சுருண்டுடும், மறுநாள் வேற மொட்டு. பறிச்சாலும் பறிக்கலன்னாலும் அதுக்கு அந்த ஒரு நாள்தான். அதனால நீங்க எதையும் யார்கிட்டருந்தும் தடுத்து வைக்கல அக்கா.

ஒண்ணு கேக்கலாமா? அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு இப்ப பூ எங்கருந்து வருது?

லான்மடோ_அக்கா எழுதியது:

நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், கோச்சுக்காதம்மா. தோட்டத்துல உக்காரு, அது தப்பே இல்ல. ஆனா தோட்டத்துல மட்டுமே உக்காராத. துக்கம் இருக்கற வீட்டுல மனுஷங்க முகம் பாக்கறது ரொம்ப முக்கியம். வெள்ளிக்கிழமை ரங்கூன் வந்தா நம்ம காளியம்மன் கோயிலுக்கு வா, 1871ல நம்ம ஆளுங்க கட்டின கோயில், உன்ன மாதிரி அம்மாவைப் பறிகொடுத்தவங்க, புருஷனைப் பறிகொடுத்தவங்க அந்த மண்டபத்துல எத்தனை பேர் அழுதிருப்பாங்க. தூரம்னா உனக்குப் பீலிக்கான் முனீஸ்வரர் கோயில் கிட்டதானே, அங்கயாவது போ. சாமியைக் கும்பிட மனசு வரலன்னாலும் பரவால்ல, சும்மா போய் நாலு பேரோட உக்காந்துட்டு வா.

செடி பத்தி எனக்குத் தெரியாம சொல்லல. 2008 மே 2 ராத்திரி நர்கிஸ் புயல் அடிச்சப்ப எங்க வாசல்ல இருந்த சண்பக மரம் வேரோட சாஞ்சிடுச்சு, எங்க தாத்தா காலத்து மரம், விடிஞ்சு கதவைத் திறந்தா தெருவுல ஒரு மரம் இல்ல, வானம் மட்டும் மொட்டையா தெரியுது, அந்த வெளிச்சமே பயமா இருந்துச்சு. ஐராவதி டெல்டா பக்கம் ஒரு லட்சத்துக்கும் மேல ஜனங்க போயிட்டாங்கன்னு அப்புறம் மெதுவாத்தான் தெரிய வந்துச்சு, எங்க சொந்தக்காரங்களும் அதுல உண்டு. அப்படிப்பட்ட நேரத்துல எங்க அப்பா யார்கிட்டயும் பேசாம விழுந்த மரத்தைச் சுத்திச் சுத்தி வந்தார், ஊரே சாவு வீடா இருக்கு, இவர் மரத்துக்கு அழறாரேன்னு கூட சிலர் சொன்னாங்க. எனக்கு அப்பவே தெரியும் அவர் மரத்துக்கு மட்டும் அழலன்னு. செத்துப்போன தங்கச்சியைப் பத்தி அவரால வாயைத் திறக்க முடியல, மரத்தைத் தடவ முடிஞ்சுது, அவ்வளவுதான். அந்த மழையிலயே அதே குழியில ஒரு சண்பகக் கன்னு வச்சார். அது பூக்கறதைப் பாக்க அவர் இருந்தார், மொத பூவை அவர் பறிக்கல, என்னையும் பறிக்க விடல, மரத்துலயே இருக்கட்டும்னுட்டார். ரெண்டாவதா பூத்ததைத்தான் அம்மனுக்கு எடுத்துட்டுப் போனோம். அதனால உனக்கும் பறிக்கற நாள் வரும், நீயா தேதி வச்சு அவசரப்படுத்தாத, வந்தா தடுக்கவும் செய்யாத.

தோட்டக்காரன்_தட்டோன் எழுதியது:

மல்லி பத்தி ஒரு அவசர விஷயம், இதை யாரும் சொல்லல. பூவைப் பறிக்காம விட்டா செடிக்கு ஒண்ணும் ஆகாது, வாடி தானே உதிரும். ஆனா கவாத்து பண்ணாம விடாதீங்க. பறிக்கறது வேற, கவாத்து வேற. நவம்பர் கடைசியில, மழை நல்லா ஓஞ்ச பிறகு, தரையிலேர்ந்து ஒண்ணரை அடி விட்டு மேல இருக்கறதை வெட்டணும், காஞ்ச குச்சி நோய் குச்சி எல்லாத்தையும் எடுத்துட்டு, வேரைச் சுத்தி மண்ணைக் கொத்தி நல்லா மக்கின சாணி எரு போடணும். அம்மா போன மழையில தவறினாங்கன்னா அதுக்கப்புறம் வந்த நவம்பர்ல யாரும் கத்தரிக்கோலை எடுத்திருக்க மாட்டீங்க, சரியா? அதனால இந்தத் தடவை பூ கம்மியா, குச்சி குச்சியா வளர்ந்திருக்கும். இன்னொரு வருஷம் விட்டா செடி கிழடு தட்டிடும். உங்களுக்குக் கை வரலன்னா தெரிஞ்ச ஆளை வச்சு வெட்டுங்க, ஆனா வெட்டணும், அம்மா வச்ச செடி நிக்கணும்னா வெட்டித்தான் ஆகணும்.

மழைக்காலத்துல தண்ணி தேங்க விடக்கூடாது. ரங்கூன் பக்கம் வருஷத்துக்கு 2500 மில்லிமீட்டருக்கு மேல கொட்டுது, மல்லிக்கு வேர்ல தண்ணி நின்னா அழுகிடும். சுத்தி வாய்க்கா மாதிரி இழுத்து விடுங்க. அதே மழையில ஒரு தாழ்ந்த கிளையை வளைச்சு, கணு பாதி மண்ணுல புதையற மாதிரி வச்சு, மேல ஒரு கல்லை வைங்க, பதியன் ஆயிடும். வேர் பிடிச்சதும் வெட்டித் தொட்டியில வச்சு அத்தைக்குக் குடுங்க. அவங்க வீட்டுல அவங்க கையால பறிச்சு சாமிக்குப் போடட்டும், செடி உங்க அம்மாவோடதுதானே.

தன்லின்_மல்லி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, படிச்சுட்டு ரெண்டு நாள் எழுதவே முடியல.

மோல்மேன் தம்பி கேட்டது என்னை ரொம்ப யோசிக்க வச்சுது. நேத்து பக்கத்து வீட்டு அம்மாகிட்ட போய்க் கேட்டேன். அவங்க இத்தனை நாளா கடையில காசு குடுத்து தபியே இலைக் கொத்து மட்டும் வாங்கி மேடைல வச்சுட்டிருக்காங்க. என்கிட்ட பூ கேட்டா எனக்கு அழுகை வரும்னு கேக்காம இருந்திருக்காங்க. நீங்களே வந்து பறிச்சுக்கங்கன்னு சொன்னேன். இன்னிக்குக் காலைல வந்தாங்க, பறிக்கறதுக்கு முன்னாடி செடியைப் பாத்து எங்க அம்மா பேரைச் சொல்லி கேட்டுட்டுத்தான் தொட்டாங்க. நான் பக்கத்துலயே கூடையைப் பிடிச்சுட்டு நின்னேன். எனக்கு ஒண்ணும் கஷ்டமா இல்ல.

அத்தைகிட்ட அகப்பூ எட்டையும் எழுதிக் காட்டினேன், ஒண்ணும் சொல்லல, அந்தப் பேப்பரை மடிச்சு அவங்க சாமி படத்துக்குப் பின்னால வச்சுக்கிட்டாங்க. அக்கா, வெள்ளிக்கிழமை தங்கச்சியோட காளியம்மன் கோயிலுக்கு வரேன். கவாத்துக்கு மாமாவைக் கூப்பிட்டிருக்கேன், நவம்பர் கடைசின்னே சொல்லிட்டேன்.

பெகு ஐயாவுக்கு ஒரு கேள்வி, பவழமல்லி தொட்டியில வருமா, இல்ல தரையிலதான் வைக்கணுமா? துளசி மாடத்துக்குக் கிழக்கால கொஞ்சம் இடம் இருக்கு, வெயில் நல்லா வரும்.

பெகு_பூக்கட்டி எழுதியது:

தரையிலயே வை அம்மாடி, அது சின்ன மரமா வளரும், தொட்டி பத்தாது. கிழக்கு வெயில் நல்லது. விதையிலயும் வரும், குச்சி நட்டாலும் வரும், விதைன்னா முளைக்க நாளாகும், பொறுமையா இரு. மாடத்தை ஒட்டி வைக்காத, வேர் தள்ளும், ஆள் சுத்தி வர அளவுக்கு இடம் விடு, துணி விரிக்கவும் இடம் வேணும்ல. அடுத்த வாரம் எங்க ஊர்லேர்ந்து கோயில் சாமான் வாங்க ரங்கூனுக்கு ஆள் வருது, காய்ஞ்ச விதை ஒரு பொட்டலமும் கன்னு ரெண்டும் குடுத்து விடறேன். வெள்ளிக்கிழமை காளியம்மன் கோயிலுக்கு வரேன்னு சொன்னியே, அங்கயே பூக்கடைப் பக்கம் வாங்கிக்க.