மேடையில் கிட்டார் ஆம்ப் சத்தம் பாடகரின் குரலை மூடுகிறது: ஆம்பை மாற்றாமல் சரிசெய்ய முடியுமா?

கேள்வி

நண்பர்களுக்கு வணக்கம். ஐந்து பேர் கொண்ட குழுவில் நான் கிட்டார் வாசிக்கிறேன். என்னிடம் இருப்பது 50 வாட் டியூப் ஆம்ப் (வெற்றிடக் குழாய்களால் இயங்கும், கிட்டார் ஒலியைப் பெருக்கும் கருவி); அதை 12 அங்குல ஸ்பீக்கர்கள் இரண்டு கொண்ட கேபினெட்டுடன் பயன்படுத்துகிறேன். சிறிய அரங்குகளில் வாசிக்கும்போதெல்லாம் பாடகருக்குத் தம் குரலே கேட்பதில்லை. மிக்ஸரில் (ஒலிக் கட்டுப்பாட்டுப் பலகையில்) இருப்பவர் கையசைத்துச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். சென்ற நிகழ்ச்சியில் மிக்ஸரில் என் கிட்டாரை முழுவதுமாக இறக்கிய பிறகும் முன்வரிசையில் சிலர் காதைப் பொத்திக்கொண்டதைக் கண்டு மிகவும் சங்கடப்பட்டேன். வழக்கமாக 4-இல் இருக்கும் மாஸ்டர் வால்யூமை 2-க்குக் கீழே இறக்கினால் ஒலி உயிரற்றுப் போவதுடன், நான் வாசிப்பது எனக்கே சரியாகக் கேட்பதில்லை. டிஜிட்டல் கருவிக்கு மாற எனக்கு விருப்பமில்லை. இதே ஆம்பை வைத்துக்கொண்டு ஏதேனும் செய்ய முடியுமா?

மறுமொழி 1

நான் மிக்ஸரின் பக்கம் நின்று வேலை செய்பவன் என்பதால் அங்கிருந்தே சொல்கிறேன். முன்வரிசைக்குக் காது வலிக்கிறது, உங்களுக்கோ கேட்கவில்லை என்கிறீர்கள். இவ்விரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். 12 அங்குல ஸ்பீக்கரிலிருந்து வரும் கூர்மையான உயர் ஒலிகள் நாலாபுறமும் பரவுவதில்லை. டார்ச் விளக்கின் வெளிச்சத்தைப் போல நேராகவே செல்கின்றன. கேபினெட் தரையில் இருக்க, நீங்கள் அதற்கு மூன்றடி முன்னால் நின்றால், அந்தக் கற்றை உங்கள் முழங்காலை ஒட்டிச் சென்று முன்வரிசையில் அமர்ந்திருப்பவரின் முகத்தில் போய் விழுகிறது. உங்கள் காதுக்கு வந்து சேர்வது மந்தமான பகுதி மட்டுமே என்பதால், தெளிவு போதவில்லை என்று நீங்கள் ட்ரெபிளையும் (உயர் ஒலிகளின் அளவு) வால்யூமையும் ஏற்றுகிறீர்கள். அதன் முழுச் சுமையும் எதிரே இருப்பவர்கள்மீது இறங்குகிறது. அடுத்த ஒத்திகையில் வேறொருவரை உங்கள் கிட்டாரை வாசிக்கச் சொல்லிவிட்டு, ஸ்பீக்கருக்கு நேர் எதிரே பத்தடி தள்ளிக் குந்தி உட்கார்ந்து சிறிது நேரம் கேளுங்கள். ஈர்க்கால் காதைக் குத்துவதுபோல் இருக்கும்.

ஆகவே, வால்யூமைத் தொடுவதற்கு முன் கேபினெட்டைப் பின்பக்கமாகச் சாய்த்து, ஸ்பீக்கர் உங்கள் காதைப் பார்க்கும்படி வையுங்கள். உறுதியான ஸ்டாண்டின்மேல் உயர்த்தி வைத்தாலும் சரி. இடம் இருந்தால் மேடையின் ஓரத்தில் வைத்து மேடைக்குக் குறுக்காகத் திருப்பிவிடுங்கள்; அப்போது நேரடிக் கற்றை பார்வையாளர்களுக்குப் போகாது. பாடகருக்கு நேர் பின்னால் மட்டும் ஆம்பை வைக்காதீர்கள். அவருடைய மைக் அவர் வாயைப் பார்த்து நிற்பதால், பின்னால் இருக்கும் ஆம்பையும் சேர்த்தே பார்க்கிறது. நான் குரலை ஏற்றும்போது கிட்டாரும் கூடவே ஏறிவிடுகிறது. அதன்பின் என் கையில் செய்வதற்கு ஒன்றும் இருப்பதில்லை. மேடைச் சத்தம் டிரம்ஸின் அளவை ஒட்டி நின்றால் போதும். அரங்குக்குத் தேவையானதை எஸ்எம்57 போன்ற ஒரு மைக்கை ஸ்பீக்கருக்கு அருகில் வைத்து நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

மறுமொழி 2

மேலே சொன்னதை நானும் வழிமொழிகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். பலர் இந்த நிலையில் 50 வாட்டை விட்டு 25 வாட் ஆம்புக்குப் போகிறார்கள். ஆற்றலைப் பாதியாக்கினால் குறைவது 3 டெசிபல்தான். சத்தம் பாதியானதுபோல் காதுக்குத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் குறைய வேண்டும், அதாவது ஆற்றல் பத்தில் ஒரு பங்காக வேண்டும். ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அட்டெனுவேட்டர் (ஆற்றலைக் குறைக்கும் கருவி) ஒன்றை இணைத்தால், ஆம்ப் தன் இயல்பான வேகத்தில் உழைக்கும். மிகுதி ஆற்றல் அதனுள்ளேயே வெப்பமாகிப் போகும். அது உங்கள் ஆம்பின் வாட்டைத் தாங்கக்கூடியதா, ஓம் அளவு (மின்தடை) பொருந்துகிறதா என்பதைப் பார்த்தே வாங்குங்கள். ஸ்பீக்கரோ அதற்கு ஈடான லோடோ (மின்சுமை) இணைக்காமல் டியூப் ஆம்பை ஒருபோதும் வாசிக்காதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகக்கூடும்.

சத்தம் குறைந்ததும் ஒலி மெலிந்ததாகத் தோன்றுவதில் நம் காதுக்கும் பங்கு உண்டு. மெல்லிய ஒலியில் தாழ்ந்த ஸ்வரங்கள் நமக்குக் குறைவாகவே கேட்கும் என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டினார்கள். வீட்டில் மெதுவாக வாசித்து அமைத்த பாஸ் (தாழ்ந்த ஒலிகள்) மேடையில் முழங்குவதும் இதனால்தான். எனவே மேடைச் சத்தத்திலேயே டோனை அமையுங்கள்: பாஸையும் கெய்னையும் (ஒலியைக் கரகரப்பாக்கும் அளவு) சற்றுக் குறைத்து மிட்ஸை (நடு ஒலிகள்) ஏற்றுங்கள். மிட்ஸை வெட்டி எடுத்துவிட்டால் குழுவின் நடுவே கிட்டார் காணாமல் போகும், கை தானாக வால்யூமுக்குப் போகும். நானே இதைப் பல நாள் செய்திருக்கிறேன்.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றைய ஒத்திகையில் கேபினெட்டைச் சாய்த்து வைத்தேன். முதல் தந்தியைத் தட்டியதும் எனக்கே கூசியது. இத்தனை நாள் முன்வரிசையில் இருந்தவர்கள் இதையா கேட்டார்கள் என்று நினைக்க வருத்தமாக இருந்தது. ட்ரெபிளைப் பாதியாக இறக்கினேன், மிட்ஸை ஏற்றினேன், மாஸ்டர் 3-க்குக் கீழேயே போதுமானதாக இருந்தது. மானிட்டரில் (பாடகரை நோக்கி வைக்கும் மேடை ஸ்பீக்கரில்) தம் குரல் கேட்பதாகப் பாடகர் சொன்னார். ஆம்புக்கு முன் அக்ரிலிக் தடுப்பு வைக்கும்படி ஒருவர் கூறுகிறார், அது தேவைப்படுமா?

மறுமொழி 3

இப்போதைக்குத் தேவையில்லை. அக்ரிலிக் ஒலியை உறிஞ்சுவதில்லை. திருப்பி அனுப்புகிறது, அதுவும் பின்னால் நிற்கும் டிரம்ஸ்காரர்மீது. வைத்தே ஆக வேண்டுமென்றால் ஆம்புக்குப் பின்னால் தடித்த ஒலியுறிஞ்சும் பலகையையும் சேர்த்து வையுங்கள்.

ஸ்பீக்கர் இப்போது உங்கள் காதைப் பார்ப்பதால் காதுகளை மறந்துவிடாதீர்கள். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரைப்படி 85 டெசிபலில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைந்து, 100 டெசிபலில் 15 நிமிடம்தான் மிஞ்சுகிறது. இசைக்கலைஞர்களுக்கென்றே எல்லா ஸ்வரங்களையும் ஏறத்தாழ சமமாகக் குறைக்கும் காதடைப்பான்கள் கிடைக்கின்றன. அவற்றை முதலில் ஒத்திகையில் போட்டுப் பழகுங்கள். மேடையில் புதிதாகப் போட்டால், கேட்கவில்லை என்று மறுபடியும் வால்யூமை ஏற்றிவிடுவீர்கள்.